படம் பார்த்து வாங்குவதா, கணக்குப் பார்த்து வாங்குவதா?

மும்பையில் இரண்டு தமிழர்கள் ரயிலில் சந்தித்துக்கொண்டால் முன்பெல்லாம் மூன்று விஷயம்தான் பேசுவார்கள். ஊருக்கு டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சா, பையனுக்கு எந்த காலேஜ், செம்பூரில் வாடகை இப்போ என்ன. இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "மார்க்கெட் எப்படி சார் இருக்கு?"

நான் பேங்க்கில் இருக்கிறேன், பி.காம். படித்தவன் என்பதால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பி.காம். படித்தவனுக்கு பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். நாளைக்கு எந்தப் பங்கு ஏறும் என்று தெரிந்தால் நான் ஏன் காலை எட்டரை மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறேன்? இதை என் மாமனாருக்கே இன்னும் புரியவைக்க முடியவில்லை :-)

ஆனாலும் இந்த டெக்னிக்கல் அனாலிசிஸா, ஃபண்டமெண்டல் அனாலிசிஸா என்கிற சண்டையைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், போன மாதம் பிராஞ்சில் நடந்த ஒரு விஷயம். (ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எங்கள் பிராஞ்ச் தாராவிக்குப் பக்கத்தில். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நெல்லை, தூத்துக்குடி பக்கம். எனக்கும் அம்பாசமுத்திரம் பக்கம்தான் ஊர் என்பதால் என் மேஜைக்கு வருபவர்கள் பாஸ்புக்கோடு கொஞ்சம் ஊர்க்கதையும் கொண்டுவருவார்கள். அப்படி வருகிறவர்களில் ஒரு அக்கா. விடியற்காலையில் இட்லி அவித்து, பாத்திரத்தில் வைத்துக் கொடுத்து அனுப்பும் வியாபாரம். இருபது வருஷமாக மாதாமாதம் ஆர்.டி. கட்டுபவர், ஒரு மாதம்கூடத் தவறியது கிடையாது.

அன்றைக்கு மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மஞ்சள் பை. உள்ளே கர்ச்சீப்பில் முடிந்த நகை. ஆறு பவுனுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

"தம்பி, இதை வச்சு துட்டு வேணும். இவன் ஏதோ படம் பாத்து சம்பாதிக்கலாம்னு சொல்லுதான். நெசந்தானா?"

படம் என்று அவர் சொன்னது சார்ட்டை. பையன் சிரித்தான். இருபத்துநாலு வயது, ஒரு குரியர் கம்பெனியில் வேலை. போனை எடுத்துக் காட்டினான். பச்சையும் சிவப்புமாய் மெழுகுவர்த்திகள், குறுக்கே இரண்டு கோடுகள். "சார், இது சூதாட்டம் இல்ல. டெக்னிக்கல் அனாலிசிஸ். சின்னக் கோடு பெரிய கோட்டை மேல வெட்டிச்சுன்னா வாங்கணும், கீழ வெட்டிச்சுன்னா விக்கணும். வீக்கெண்ட் கிளாஸ் போயிருக்கேன். பதினஞ்சாயிரம் பீஸ்."

வாங்கி விற்கப்போவது பங்கு அல்ல, ஆப்ஷன். அதுவும் அதே வாரம் காலாவதியாகும் ஆப்ஷன்.

நான் வழக்கமான உபதேசத்தை ஆரம்பித்தேன். கம்பெனியைப் பார், லாபத்தைப் பார், கடனைப் பார், ஐந்து வருஷம் காத்திரு... அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "பேலன்ஸ் ஷீட் பாத்து வாங்கினவங்க யாருமே நஷ்டப்படலையா சார்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

*

முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடுவோம். தெரிந்தவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஃபண்டமெண்டல் அனாலிசிஸ் என்பது கம்பெனியின் கணக்கைப் படிப்பது. விற்பனை எவ்வளவு, லாபம் எவ்வளவு, கடன் எவ்வளவு, நடத்துபவர்கள் யார், இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் இந்தப் பங்கு என்ன விலை பெறும், சந்தையில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதா என்று கணக்குப் போடுவது. இதற்கு வேதம் மாதிரி சொல்லப்படுவது பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் 1934-ல் எழுதிய செக்யூரிட்டி அனாலிசிஸ். டெக்னிக்கல் அனாலிசிஸ் கம்பெனியைப் பார்ப்பதில்லை. விலை எப்படி நகர்ந்தது, எத்தனை பங்கு கைமாறியது என்பதை மட்டும் பார்க்கும். எல்லா விஷயமும் விலைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது, மனிதர்களின் பேராசையும் பயமும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வரும் என்பது அதன் நம்பிக்கை. மெழுகுவர்த்தி சார்ட் ஜப்பானில் அரிசி வியாபாரிகளிடமிருந்து வந்தது என்பார்கள். ஆக, இரண்டுமே நேற்று முளைத்தவை அல்ல.

எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால் இன்னும் சுலபம்.

ஒரு வியாபாரி கடன் கேட்டு வருகிறார். மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட், வருமான வரி ரிட்டர்ன், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எல்லாம் வாங்கி, கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்கிறோம். இது ஃபண்டமெண்டல். கடன் கொடுத்த பிறகு நாங்கள் தூங்கிவிடுவதில்லை. கணக்கில் பணம் ஒழுங்காக வந்து போகிறதா, செக் திரும்புகிறதா, லிமிட்டை அடிக்கடி தாண்டுகிறாரா என்று கணக்கின் நடமாட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். தவணை ஒரு நாள் தவறினால் எஸ்.எம்.ஏ. ஜீரோ, முப்பது நாளைத் தாண்டினால் எஸ்.எம்.ஏ. ஒன்று, அறுபதைத் தாண்டினால் எஸ்.எம்.ஏ. இரண்டு, தொண்ணூறைத் தாண்டினால் வாராக்கடன். இது ரிசர்வ் பேங்க் வைத்த படிக்கட்டு. இதுதான் எங்கள் டெக்னிக்கல்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எந்த மேனேஜராவது "இவர் கணக்கில் மூணு மாசமா நல்லா பணம் புரளுது, கோடு மேல போகுது" என்று மட்டும் பார்த்து ஒரு கோடி கடன் கொடுப்பாரா? கொடுத்தால் அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் அவர் கதி என்ன? அதே மாதிரி, செக் மேல் செக் திரும்பும்போது "பேலன்ஸ் ஷீட் பிரமாதமா இருக்கே" என்று எந்த மேனேஜராவது சும்மா உட்கார்ந்திருப்பாரா?

கடன் கொடுக்க ஒன்று, கண்காணிக்க மற்றது. அடுத்தவர் பணம் என்றால் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், சொந்தப் பணம் என்று வந்ததும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்து கொடி பிடிக்கிறோம்.

*

நிற்க. என் கட்சிக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். மத்திய அரசில் கணக்குத் துறையில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போய்விட்டு காபி குடிக்கும் நேரத்தில் அவரைப் பிடித்தால் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் எழுபதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லுவார். சார்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே "ஜாதகம் பாக்கறது அது" என்பார்.

அவர் மாதிரி ஆட்கள் எல்லோருக்கும் பிடித்த கதை இன்ஃபோசிஸ். 1993-ல் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது வாங்க ஆள் போதவில்லை. அன்றைக்கு வாங்கி வைத்திருந்தால்... என்று ஆரம்பித்துக் கோடிகளில் முடியும். கதை உண்மை. ஆனால் அதே காலத்தில் பணம் திரட்டிய எத்தனையோ கம்பெனிகள் முகவரியே இல்லாமல் போயின. காணாமல் போன கம்பெனிகளைத் தேடுவதற்கென்று அரசாங்கம் ஒரு கமிட்டியே போட வேண்டி வந்தது. அந்தக் கதையை யாரும் காபியோடு சொல்வதில்லை.

மாட்டுங்கா பெரியவர் நேர்மையானவர். ஒரு நாள் அவரே பீரோவிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். இன்றைக்கு இல்லாத கம்பெனிகளின் ஷேர் சர்டிபிகேட்கள். "நான் கட்டின பீஸ்ப்பா இது" என்றார். பையன் கட்டியது பதினைந்தாயிரம். இவர் கட்டியது அதைவிட நிறைய.

என் பீஸையும் சொல்லிவிடுகிறேன். 2007 கடைசி. எனக்கு இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஊரில் அப்பா ஒரு துண்டு வயலை விற்று, என் பங்காக ஒன்றரை லட்சம் அனுப்பினார். "மும்பையில ஒரு வீட்டுக்கு அட்வான்சுக்கு ஆகும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். அட்வான்ஸ் கொடுக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே என்று, நான் படித்த பி.காம். மேல் இருந்த நம்பிக்கையில், ஒரு கட்டுமானக் கம்பெனியின் பங்கை வாங்கினேன். பெயர் வேண்டாம். கணக்கெல்லாம் சுத்தமாகப் பார்த்தேன். கையில் இருந்த ஆர்டர்கள் பிரமாதம், லாபம் வருஷா வருஷம் ஏறியிருந்தது.

2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தாண்டியது. அதே வருஷம் அக்டோபரில் 8,000-க்கும் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. என் பங்கு சந்தையைவிட வேகமாக விழுந்தது. பாதி விலையானபோது "இன்னும் மலிவாகக் கிடைக்கிறது" என்று சம்பளப் பணத்தில் மேலும் வாங்கினேன். கால்வாசி ஆனபோதும் வாங்கினேன். சார்ட் தெரிந்த ஒரு நண்பர் "இது ஒவ்வொரு தடவையும் முந்தின பள்ளத்தை உடைச்சுக்கிட்டு கீழ போகுது, நீ யாருக்கும் தெரியாத எதையோ கண்டுபிடிச்சிட்டேன்னு நினைக்கிற, ஆனா உனக்குத் தெரியாத எதையோ மத்தவங்க தெரிஞ்சுக்கிட்டு விக்கிறாங்க" என்றார். ஜாதகம் என்று நினைத்து ஒதுக்கினேன். அந்தக் கம்பெனியின் கடன் பளு அடுத்த இரண்டு வருஷக் கணக்கில்தான் வெளியே தெரிந்தது. பேலன்ஸ் ஷீட் என்பது மார்ச் 31-ம் தேதி எடுத்த போட்டோ. நான் பார்த்துக்கொண்டிருந்தது பழைய போட்டோவை.

வீட்டு அட்வான்சுக்கு பேங்க்கில் கடன் வாங்கினேன். அப்பா கடைசி வரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்ல அவர் இல்லை.

அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு எனக்கு ஏன் உடனே பதில் வரவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

*

சரி, என் தப்பு சின்னத் தப்பு. ஊரே ஏமாந்த கதைகளைப் பார்ப்போம். இரண்டிலுமே ஒரு பேங்க் காகிதம் உண்டு, அதனால்தான் எனக்கு இவை மறப்பதில்லை.

முதலாவது இதே மும்பையில், தலால் தெருவில் நடந்தது. 1991 தொடக்கத்தில் 1,000 புள்ளிக்கு அருகில் இருந்த சென்செக்ஸ் 1992 ஏப்ரலில் 4,467-ஐத் தொட்டது. சில நூறு ரூபாயில் இருந்த ஏ.சி.சி. சிமெண்ட் பங்கு 9,000 ரூபாய் அளவுக்கு ஏறியது. ஹர்ஷத் மேத்தா இதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். இன்றைக்குப் புதிதாக இப்படி ஒரு சிமெண்ட் கம்பெனி கட்ட எவ்வளவு செலவாகும், அந்தச் செலவோடு ஒப்பிட்டால் இந்த விலை அதிகமே இல்லை என்று. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு கிடைத்துவிட்டது. படம் பார்ப்பவர்களுக்கோ கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. இரண்டு கட்சியும் சந்தோஷம்.

1992 ஏப்ரல் 23 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலால் எழுதிய செய்தியோடு உண்மை வெளியே வர ஆரம்பித்தது. சந்தைக்குள் பாய்ந்தது பேங்க்குகளின் பணம். அரசுப் பத்திரங்களை வாங்கி விற்கும்போது, பத்திரம் பிறகு தருகிறோம் என்று ஒரு பேங்க் கொடுக்கும் ரசீதுக்கு பேங்க் ரசீது என்று பெயர். பின்னால் பத்திரமே இல்லாமல் வெறும் ரசீதாக எழுதிக் கொடுக்க பேங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கி என்று இரண்டு சின்ன வங்கிகள் கிடைத்தன. கோடு மேலே போனதற்குக் காரணம் அந்த ரசீது. சார்ட்டில் அது தெரியாது. கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலும் தெரியாது.

இரண்டாவது சத்யம். 2008 டிசம்பர் 16 அன்று, ராமலிங்க ராஜு குடும்பத்தைச் சேர்ந்த மேட்டாஸ் கம்பெனிகள் இரண்டை வாங்கப்போவதாக சத்யம் அறிவித்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததில் முடிவு உடனே கைவிடப்பட்டது. ஆனாலும் மறுநாள் பங்கு சுமார் 30 சதவீதம் விழுந்து 160 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. அந்த விலையில் ஒரு பி.காம். காரன் கணக்குப் போட்டால் என்ன வரும்? முந்தைய நிதியாண்டில் லாபம் சுமார் 1,700 கோடி, பங்குகள் சுமார் 67 கோடி, ஆக பங்குக்கு 25 ரூபாய் லாபம். விலை அதைப்போல் ஏழு மடங்கைவிடக் குறைவு. கையில் ரொக்கமே 5,361 கோடி, அதாவது பங்குக்கு 80 ரூபாய். ஃபண்டமெண்டல் புத்தகப்படி இது தங்கச் சுரங்கம்!

2009 ஜனவரி 7 அன்று ராஜுவின் கடிதம் வந்தது. அந்த 5,361 கோடியில் 5,040 கோடி கிடையவே கிடையாது. 179 ரூபாயில் இருந்த பங்கு அன்றைக்கே 40 ரூபாய்க்கு வந்துவிட்டது.

பேங்க்கில் இருப்பவன் என்ற முறையில் இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. ஆடிட்டர்கள் ஒரு கம்பெனியின் டெபாசிட்டைச் சரிபார்க்க பேங்க்குக்குக் கடிதம் எழுதுவார்கள், நாங்கள் நேராக அவர்களுக்குப் பதில் அனுப்ப வேண்டும். எங்கள் மேஜையில் பத்து நிமிட வேலை. சத்யம் விஷயத்தில் அந்தக் கடிதப் போக்குவரத்தையே கம்பெனியின் கையில் விட்டிருந்தார்கள் என்பது 2011-ல் அமெரிக்காவின் எஸ்.இ.சி. விசாரணையில் வெளிவந்தது. 1992-ல் பொய் ரசீது, 2009-ல் பொய் டெபாசிட். உலகத்தின் எல்லா விகிதங்களையும் மனப்பாடமாக வைத்திருந்தாலும் மூல எண் பொய் என்றால் விடையும் பொய்தான்.

சார்ட் காப்பாற்றியிருக்குமா? பாதி. ஒழுக்கமான டெக்னிக்கல் ஆசாமி டிசம்பர் 17-ம் தேதி அடியிலேயே வெளியே வந்திருப்பார். அது நிஜமான பலன், ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதன் பிறகு இன்னும் இறங்கிய பங்கு ஜனவரி முதல் வாரத்தில் 179 வரை ஏறியதே, அந்த ஏற்றத்தை சார்ட்டில் பார்த்து உள்ளே வந்தவர்கள்? ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும், விழுகிற வேகத்தில் அந்த விலைக்கு வாங்க எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டுமே.

*

இவ்வளவு சொல்லிவிட்டு, பையன் செய்யப்போவதை நான் ஏன் எதிர்க்கிறேன்?

சார்ட் பொய் என்பதால் இல்லை. அவன் போகிற மைதானத்தினால். செபி 2024 செப்டம்பரில் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாகத் தலைக்கு சுமார் 2 லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அடுத்த ஆண்டான 2024-25-லும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஒரே வருஷத்தில் 1.05 லட்சம் கோடி. எதிர்ப்பக்கம் லாபம் பார்த்தவர்கள் யார்? பெரும்பாலும் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும், அவர்கள் லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கம்ப்யூட்டரே ஆர்டர் போடும் அல்கோ மூலம் வந்தது என்கிறது அதே ஆய்வு.

இதை வைத்து "பார்த்தாயா, டெக்னிக்கல் அனாலிசிஸ் தோற்றுவிட்டது" என்று மாட்டுங்கா பெரியவர் சொல்வார். அது சரியான வாதம் இல்லை. இந்த ஒரு கோடிப் பேரில் எத்தனை பேர் ஒழுங்காக சார்ட் படித்தார்கள், எத்தனை பேர் டிப்ஸ் கேட்டு ஓடினார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் ஒன்று நிச்சயம். சின்னக் கோடு பெரிய கோட்டை வெட்டுவது பையனுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை வாங்கி விற்கும்போதும் தரகு, வரி. பங்காக இருந்தால் விலை விழுந்தாலும் கையில் பங்கு இருக்கும். வாராந்திர ஆப்ஷனில் நாள் முடிந்தால் கையில் ஒன்றும் இருக்காது. இதோடு நகைக் கடனின் வட்டி வேறு. லட்ச ரூபாயில் பாதி போனால் மிச்ச ஐம்பதாயிரம் இரட்டிப்பு ஆனால்தான் பழைய இடத்துக்கே வர முடியும். இதற்கு எந்த அனாலிசிஸும் வேண்டாம், ஐந்தாம் கிளாஸ் கணக்கு போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் போனால் நான் யோக்கியன் இல்லை. "நல்ல கம்பெனி வாங்கி பத்து வருஷம் காத்திரு" என்று சொல்வது சுலபம். பென்ஷன் வரும் மாட்டுங்கா பெரியவரால் காத்திருக்க முடியும். மாதச் சம்பளம் வாங்கும் செம்பூர்க்காரனான என்னாலும் முடியும். பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் இருந்துகொண்டு, வீடு எப்போது இடிப்பார்கள், மாற்று வீடு கிடைக்குமா என்று காத்திருக்கும் பையனிடம் "பொறுமை வேண்டும் தம்பி" என்றால் அவனுக்குக் கோபம்தான் வரும். பொறுமைக்கும் ஒரு முதல் வேண்டியிருக்கிறது. சார்ட் கிளாஸ்காரர்கள் விற்பது சூத்திரத்தை அல்ல, "நீ காத்திருக்க வேண்டாம்" என்ற வார்த்தையைத்தான்.

ஆனால் அந்தப் பொறுமை அவன் வீட்டிலேயே இருக்கிறது. இருபது வருஷம் தவறாமல் ஆர்.டி. கட்டிய அவன் அம்மாவைவிடப் பெரிய நீண்டகால முதலீட்டாளர் யார்?

*

ஆக, என் கருத்து இதுதான்.

நம்மைப் போன்ற வெளியூர்ச் சம்பளக்காரர்களுக்கு, உள்ளே நுழைவதா என்பதை கணக்குதான் முடிவு செய்ய வேண்டும். ஏன் வாங்குகிறோம் என்று நாலு வரி சொந்தமாக எழுத முடியாத பங்கை வாங்கக்கூடாது. வாங்கிய பிறகு, சார்ட்டை ஜாதகம் என்று ஒதுக்காமல், எங்கள் எஸ்.எம்.ஏ. மாதிரி எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பங்கு சந்தையை விட்டுத் தனியாக, பல மாதமாக விழுந்துகொண்டே இருந்தால், மேலும் வாங்குவதற்கு முன்னால் "எனக்குத் தெரியாத எது?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். மணி அடித்தால் உடனே விற்க வேண்டும் என்பதில்லை, எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். நான் 2008-ல் எழுந்திருக்கவே இல்லை.

இரண்டுமே பொய்யாகப் போகும் நாளும் வரும், சத்யம் மாதிரி. அதற்கு மருந்து அனாலிசிஸ் இல்லை, பிரித்து வைப்பது. எந்த ஒரு பங்கு பூஜ்யமானாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இதற்கெல்லாம் நேரம் இல்லாதவர்கள் மாதாமாதம் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, இரண்டு கட்சிக்காரர்களும் பேசாத விஷயம். அந்தப் பணம் யாருடையது, எப்போது திரும்ப வேண்டும்? அடகு வைத்த பணமும், அப்பா வேறு எதற்கோ கொடுத்த பணமும் எந்த அனாலிசிஸையும் கெடுத்துவிடும். பயத்தோடு பார்க்கும் கண்ணுக்கு சார்ட்டும் சரியாகத் தெரியாது, பேலன்ஸ் ஷீட்டும் சரியாகத் தெரியாது.

*

அன்றைக்கு அந்தப் பையனிடம் கடைசியில் உண்மையைச் சொன்னேன். "நஷ்டப்பட்டவங்க இருக்காங்கப்பா. நானே பட்டிருக்கேன்" என்று வயல் கதையைச் சொன்னேன். என் வீட்டில்கூட முழுதாகச் சொல்லாத கதை. அக்கா நகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் காரணத்துக்கு எங்கள் பேங்க் கடன் தராது என்பதையும் சொன்னேன். (பேங்க் அதிகாரிகளான நாங்களே பங்கில் முதலீடு செய்யலாம், ஊக வணிகம் செய்யக்கூடாது என்பதுதான் எங்கள் நடத்தை விதி.)

பிறகு மேஜையில் இருந்த ஒரு நோட்டைக் கொடுத்தேன். "மூணு மாசம், பணம் போடாம, இதுல எழுதி விளையாடு. என்ன விலைக்கு வாங்கின, என்ன விலைக்கு வித்த, தரகு எவ்வளவு, வரி எவ்வளவு, நகைக்கு வட்டி எவ்வளவு. ஒரு நாள்கூட விடாம எழுது. லாபம் வந்துச்சுன்னா நோட்டைக் கொண்டுவந்து காட்டு, நான் தப்புன்னு ஒத்துக்கறேன்."

வாங்கிக்கொண்டு போனான். அக்கா வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "உங்க அப்பா கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னும் நோட்டு வரவில்லை. மூன்று மாதம் ஆகவில்லையே. எங்கள் தெருவிலேயே பத்து நிமிஷத்தில் நகைக்குப் பணம் தரும் கடைகள் நாலு இருக்கின்றன. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தக் கடைகளைத் தாண்டும்போது மஞ்சள் பை ஏதாவது தெரிகிறதா என்று கண் தானாகப் போகிறது. அக்கா இந்த மாத ஆர்.டி.யை ஐந்தாம் தேதியே கட்டிவிட்டார்.